வாள்பட்டறையில் பிறந்த கை

போர்ட் பிளேயர் நகரத்தோடு ஒரு சிறு பாலத்தால் பிணைக்கப்பட்டிருக்கும் சாத்தம் தீவில், 1883-ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியினர் நிறுவிய மர அறுவை ஆலை, நீராவியின் காலம் தொடங்கி மின்சாரத்தின் காலம் வரையில், அந்தமான் காடுகளின் படாக் மரத்தையும் கர்ஜன் மரத்தையும் பலகைகளாகவும் உத்திரங்களாகவும் பிளந்து தந்திருக்கிறது. 1942-இல் ஜப்பானியரின் குண்டு விழுந்து உண்டான பள்ளம் அதன் வளாகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருப்பதால், அங்கே செல்லும் யாத்ரிகர்கள் பெரும்பாலும் அப்பள்ளத்தின் விளிம்பில் நின்று யுத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் அந்த ஆலையில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. சுழலும் வாளை நோக்கி ஒரு கட்டையைத் தள்ளிக்கொண்டு செல்லும் மனிதக் கை, கட்டையின் முடிவு நெருங்க நெருங்க வாளின் பல்லுக்குச் சாண் தூரத்திலும், பிறகு விரற்கடைத் தூரத்திலும் வந்து, கடைசி நொடியில் விலகிக்கொள்ளும் அந்தக் காட்சியே அது. படாக்குக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள பேதம் வாளுக்குத் தெரியாது. உலகத்தில் எங்கெல்லாம் வாள்பட்டறை இருக்கிறதோ அங்கெல்லாம் விரலிழந்தவரும் கையிழந்தவரும் இருக்கிறார்கள்.

அப்படிக் கையிழந்தவர்களில் ஒருவர், அந்தமானுக்கு வெகு தொலைவில், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில், கலிபோர்னியாவில் வாழ்ந்த டாரன்ஸ் என்பவர். 1909-இல் ஒரு மர அறுவை ஆலையில் நேர்ந்த விபத்தில் வலது கையை இழந்த அவர், அக்காலத்தில் கடைகளில் கிடைத்த செயற்கைக் கைகளால் தமக்கு யாதொரு பிரயோசனமும் இல்லையென்று கண்டு, தமக்கு வேண்டியதைத் தாமே சிந்தித்து, இரண்டாகப் பிளந்த ஓர் உலோகக் கொக்கியை உருவாக்கி, 1912-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்குப் பின் இரண்டு உலக யுத்தங்கள் நடந்து, ஆகாய விமானமும் கணிப்பொறியும் மனித வாழ்வையே மாற்றிவிட்ட போதிலும், அந்தப் பிளவுக் கொக்கி மட்டும் தன் வடிவத்தில் அதிக மாறுதலின்றி, இன்றும் உழைப்பாளிகளின் கைமுனையில் இருந்துவருகிறது. நூறாண்டுக்கு மேல் ஒரு கருவி இப்படி நிலைத்து நிற்குமானால், அதன் அமைப்பில் ஏதோ ஒரு சத்தியம் இருக்கத்தானே வேண்டும்? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செயற்கைக் கை என்பது ஒரே பொருளன்று. எஞ்சிய கைத்தண்டை உள்வாங்கிக்கொள்ளும் சாக்கெட் என்னும் உறை, அதை உடலோடு பிணைக்கும் தோள்வார், இழுக்கும் கம்பி, மணிக்கட்டு, அதன் முனையில் பொருளைப் பற்றும் கருவி என்று அதற்குப் பல அங்கங்கள் உண்டு. கடைசியாகச் சொன்ன அந்த முனைக்கருவிதான் வேலை செய்வது. மற்றவை யாவும் அதை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்கே ஏற்பட்டவை. இந்த முனைக்கருவி கையின் தோற்றத்தைக் கொண்டிருக்க வேண்டுமா, கையின் தொழிலைச் செய்ய வேண்டுமா என்ற கேள்வி மிகவும் பழையது.

தமிழருக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றக் காரணமில்லை. நம்மிடத்தில் பொற்கைப் பாண்டியன் கதை இருக்கிறது. நள்ளிரவில் நகர் சோதனைக்குச் சென்றபோது, கீரந்தை என்னும் அந்தணனின் வீட்டுக் கதவைத் தட்ட நேர்ந்து, அதனால் அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பழி வரக்கூடாதென்று அத்தெருவின் கதவுகளையெல்லாம் தட்டிச் சென்று, மறுநாள் குற்றவாளிக்குரிய தண்டனையைத் தனக்கே விதித்துக் கையைக் குறைத்துக்கொண்டு, பிறகு பொன்னாலான கை பெற்றவன் அந்தப் பாண்டியன். நீதியின் சின்னமாக அப்பொற்கை நம் நெஞ்சில் ஒளிர்கிறது. ஆனால் ஓர் அரசன் தன் பொற்கையால் எதையும் எடுக்க வேண்டியதில்லை. எடுத்துக் கொடுக்க ஏவலர் இருப்பர். கூலிக்கு மரம் அறுப்பவனுக்கும், தேங்காய் உரிப்பவனுக்கும், வலை இழுப்பவனுக்கும் பொன் என்ன, வைரத்தாலே கை செய்து மாட்டினாலும், அது பற்றாத கையானால் பாரம்தான். ஜெர்மானிய வீரர் கோட்ஸ் என்பவர் 1504-இல் போரில் கையிழந்து பெற்ற இரும்புக் கைக்கு விரல்கள் மடங்கி நிற்கும் வில் அமைப்பு இருந்தது. எனினும், அவ்விரல்களை மடக்குவதற்கு மற்றொரு கையின் உதவி வேண்டியிருந்தது. எஞ்சியிருக்கும் நல்ல கையைத் தொந்தரவு செய்யாமல், உடம்பின் வேறொரு பாகத்திலிருந்து அச்சக்தியைப் பெறலாமே என்ற யுக்தியை முதன்முதலில் கையாண்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வாழ்ந்த பாலிஃப் என்னும் பல் வைத்தியர்.

இந்த யுக்தியின் சூட்சுமத்தை அறிய, இயற்கைக் கை இயங்கும் விதத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். 27 எலும்புகளைக் கொண்ட நம் கையில், விரல்களுக்குள்ளே தசை கிடையாது. விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து வந்து விரல்களை இழுக்கின்றன. திரைக்குப் பின்னே மறைந்து நிற்பவன் நூலை இழுக்க, மேடையில் பொம்மை ஆடுகிறதல்லவா, அது போலத்தான் இதுவும். கை துண்டிக்கப்படும்போது பொம்மையும் நூலும் போய்விடுகின்றன. செயற்கைக் கையில் இந்தப் பொம்மலாட்டக்காரனை இன்னும் தூரத்துக்கு, மறுபக்கத்துத் தோளுக்கே, இடம் மாற்றிவிடுகிறார்கள். எட்டு என்னும் எண்ணின் வடிவில் முதுகின் குறுக்கே செல்லும் வார், நல்ல கையின் அக்குளைச் சுற்றி வந்து, ஓர் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பியோடு இணைகிறது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியைப் பார்த்தவர்கள் இக்கம்பியையும் பார்த்தவர்களே. கையை முன்னே நீட்டினாலும், தோள்பட்டைகளை விரித்தாலும், கம்பி இழுபட்டுக் கொக்கியின் ஒரு விரல் விலகுகிறது. முழுவதும் திறப்பதற்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இழுவை போதும். முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டவருக்கோ, அதே கம்பி முழங்கையை மடக்கவும் வேண்டியிருப்பதால், ஏறத்தாழ இரு மடங்கு இழுவை தேவைப்படுகிறது. அவருடைய சிரமமும் அவ்வாறே அதிகம். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், காயமுற்ற போர்வீரர்களுக்காக அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகளில், விமானத் தொழிலில் பழக்கமாயிருந்த இக்கம்பியை அங்கிருந்த பொறியாளர்கள் செயற்கைக் கைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் தோல் வாரும் நூற்கயிறுமே இவ்வேலையைச் செய்து, அடிக்கடி அறுந்தன. நம் நாட்டில் புனேயில் செயற்கை அவயவ மையம் ஏற்பட்டதும் அதே யுத்த காலத்தில், 1944-இல்.

கொக்கி திறப்பதைச் சொன்னேன்; மூடுவது எப்படி? அதை ரப்பர் செய்கிறது. கொக்கியின் இரு விரல்களின் அடிப்பாகத்தைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையங்களை மாட்டியிருப்பார்கள். தோள் தளர்ந்தவுடன் அவ்வளையங்கள் சுருங்கி, விரல்களை ஒன்றோடொன்று சேர்க்கின்றன. ஒரு வளையம், விரல் நுனியில் ஏறத்தாழ அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரையிலான பிடியைத் தரும். மூன்று வளையங்கள் போட்டால் ஒரு பாத்திரத்தைத் தூக்கலாம். இன்னும் சேர்த்தால் சுத்தியலைப் பிடிக்கலாம். புதிதாகப் பழகுபவர் ஒரு வளையத்தோடு ஆரம்பித்து, அப்பியாசத்தாலும் தோள்வலிமையாலும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்வார். இதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உடன்பிறந்திருக்கின்றன. பிடித்த பொருளைப் பிடித்தபடியே வைத்திருக்க யாதொரு முயற்சியும் வேண்டாம், ரப்பர் தூங்காது. ஆனால் பிடி எவ்வளவு வலுவாயிருக்கிறதோ, திறக்கும்போது அந்த வலு முழுவதையும் எதிர்த்துத் தோள் இழுக்க வேண்டும். முட்டையை எடுத்தாலும் சம்மட்டியை எடுத்தாலும் ரப்பர் ஒரே பிடியைத்தான் பிடிக்கும்.

இக்குறையை நீக்குவதற்கென்றே, இழுத்தால் மூடுவதும் விட்டால் திறப்பதுமான எதிர்முறைக் கருவிகளும் தோன்றின. இழுப்பின் அளவே பிடியின் அளவாதலால், முட்டைக்கு மெல்லவும் சம்மட்டிக்கு வலுவாகவும் பிடிக்கலாம். இயற்கைக் கையின் ஸ்வபாவத்துக்கு இது நெருங்கியது. அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த பாப் ராடசி என்பவர் 1979-இல் தொடங்கிய நிறுவனம் இவ்வகைக் கருவிகளுக்குப் பேர்போனது. அவரும் ஒரு கையை இழந்தவரே. டாரன்ஸைப் போலவே இவரும் தம் தேவையிலிருந்தே கருவியைக் கண்டார் என்பது நினைவில் வைக்கத் தக்கது. ஆயினும், வாளியைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பவர், நடக்கும் நேரமெல்லாம் தோளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இதன் சங்கடம்.

கொக்கியின் பெருமைகளில் முதலாவதாக நான் கருதுவது, பிறர் அதிகம் கவனிக்காத ஒன்று. கையிழந்தவர் இழப்பது பற்றும் சக்தியை மட்டுமன்று. ஸ்பரிச ஞானத்தையும் இழக்கிறார். இருட்டில் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சாவியையும் நாணயத்தையும் பிரித்தறியும் நம் விரல்நுனிகள், உண்மையில் நுனிக் கண்களே. அக்கண்கள் போனபின், முகத்திலுள்ள கண்கள்தாம் அவற்றின் வேலையையும் செய்ய வேண்டும். அதற்குப் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐந்து விரல்களும் உள்ளங்கையும் உடைய செயற்கைக் கை, தான் பற்றும் பொருளைத் தானே மறைத்துவிடுகிறது. மெல்லிய இரு விரல்களாய்ச் சற்றே சாய்ந்து வளைந்திருக்கும் கொக்கியோ, தன் நுனியில் அகப்பட்ட ஆணியையும் ஊசியையும் நாணயத்தையும் கண்ணுக்கு முன்னே ஏந்திக் காட்டுகிறது. இரண்டாவதாக, கம்பியின் வழியே ஒருவகை உணர்வும் தோளுக்கு வந்து சேருகிறது. குருடருக்குக் கைத்தடியின் நுனி தரையைச் சொல்வது போல, கொக்கி எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தோளின் தசைகள் கண் மூடிய நிலையிலும் அறிகின்றன. எடின்பரோ நகரின் சிம்ப்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1970-களில் இதை விளக்கி, உடலின் சுய உணர்வு கருவிக்குள்ளும் நீண்டு செல்வதாகச் சொன்னார். கம்பியும் வாரும் கொண்ட எளிய கருவியில் இவ்வளவு நுட்பம் ஒளிந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

எனினும், கை வடிவம் கொண்ட கருவியை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதை நான் ஒப்பமாட்டேன். நாம் இரு கைகளையும் கூப்பி வணங்கும் ஜனங்கள். தாம்பூலத் தட்டை இரு கைகளாலும் ஏந்திக் கொடுப்பதை மரியாதையாகவும், வலக்கையால் உண்பதையும் கொடுப்பதையும் ஆசாரமாகவும் கொண்டவர்கள். வலக்கை போனவர் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னே உட்கார்ந்து இடக்கையால் சோற்றைப் பிசையும்போது படும் மனவேதனையை எந்த இயந்திர சாஸ்திரமும் அளக்க முடியாது. ஒரு பெண்ணுக்கு, கோயிலிலும் விழாவிலும், ரவிக்கையின் நுனியில் கைபோன்ற கை ஒன்று தெரிவது தைரியத்தையும் மதிப்பையும் தருமானால், அதுவும் ஓர் உபயோகமே. அக்கைமேல் போர்த்தப்படும் பிளாஸ்டிக் உறையில் மஞ்சளும் பேனா மையும் பட்டால் போகாத கறையாய் நின்றுவிடுவதும், அவ்வுறையின் விறைப்பே விரல்களின் இயக்கத்தைத் தடுத்துப் பாதிச் சிரமத்தைக் கூட்டுவதும் அதன் குறைகள். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உண்மையில் இல்லை. அரை அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரிகளும் கொண்ட ஒரு திருகு, அமெரிக்க மரபில் வந்த முனைக்கருவிகளுக்கெல்லாம் பொதுவான மணிக்கட்டுத் திருகாக அமைந்திருக்கிறது. வேலை நாளில் கொக்கியைத் திருகிக்கொள்ளலாம்; விசேஷ நாளில் அதைக் கழற்றிக் கையைத் திருகிக்கொள்ளலாம். ஆணியையும் கத்தியையும் பிடிப்பதற்கென்றே பள்ளங்கள் அமைந்த தச்சர் கொக்கிகளும் அதே திருகில் ஏறும்.

மின்சாரக் கையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எஞ்சிய தசை சுருங்கும்போது தோலின்மேல் எழும் மிக நுண்ணிய மின்னலையைப் பிடித்து, அதைப் பெருக்கி, மோட்டாரை இயக்கும் இவ்வமைப்பை, மியூனிக் நகரின் ரைட்டர் 1940-களிலேயே ஆராய்ந்து, 1948-இல் வெளியிட்டார். 1960-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானிகள் அதை அணியத்தக்க கையாக்கினர். 2007-இல் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மோட்டார் கொண்ட கை சந்தைக்கு வந்தது. நம் நாட்டிலும் இளம் பொறியாளர்கள் இதை மலிவாக்க முயன்றுவருகிறார்கள். அவர்கள் முயற்சி வெல்ல வேண்டும். முதுகில் வாரில்லாத சுகமும், பலமான பிடியும் அதற்கு உண்டு. ஆனால் அதன் எடை, விலை, மின்கலம், பழுதுபார்க்கும் தொலைவு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளும்போது, இடத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கின்றன. தோல் வார் பூஞ்சை பிடிக்கிறது. எஃகுக் கம்பி துருவேறி, உறைக்குள் உராய்ந்து, இழுப்பின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. சாக்கெட்டுக்குள் வியர்வை தேங்குகிறது. அந்த வியர்வையே மின்சாரக் கையின் உணர்கருவியைத் தவறாக அறியச் செய்கிறது. துருவேறாத எஃகுக் கொக்கி கனமானது, ஆனால் உழைப்புக்குத் தாங்கும். அலுமினியக் கொக்கி ஏறத்தாழ அதில் பாதி எடைதான், ஆனால் கடுமையான வேலையில் வளையக்கூடும். தோள்வாரை நைலான் நாடாவால் செய்வதும், கம்பியைச் சிறிதும் தாமதியாமல் மாற்றுவதும் இத்தீவுகளில் அவசியம். சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கடல்வழி 1,350 கிலோமீட்டருக்கு மேல், கப்பலில் மூன்று நாள். ஒரு மோட்டாருக்காக அவ்வளவு தூரம் போய்வர வேண்டியவருக்கும், கொக்கியின் ரப்பர் வளையம் அறுந்தால் வேறொன்றை மாட்டிக்கொண்டு அரைமணியில் வேலைக்குத் திரும்புகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். நகரத்து அலுவலகத்தில் மேசைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு மின்சாரக் கை நல்லதாயிருக்கலாம். தீவில் உடலால் உழைத்து வாழ்பவருக்கு முதற் கருவி கொக்கியே என்பது என் தீர்ந்த முடிவு.

இங்கே ரப்பரைப் பற்றிச் சொன்னதும் கச்சல் தீவு நினைவுக்கு வருகிறது. 1964-இல் ஏற்பட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் சில, நிக்கோபார்த் தொகுதியின் கச்சலில், ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மிகக் கொடுமையாகத் தாக்கிய தீவுகளில் அதுவும் ஒன்று. விடியுமுன் எழுந்து, மரம் மரமாய்ச் சென்று, பட்டையில் சாய்வான கோடு கீறிப் பால் வெட்டும் அத்தொழிலில், கத்தி ஒரு மயிரிழை ஆழமாய் இறங்கினாலும் மரம் கெடும், ஆழம் குறைந்தால் பால் வராது. இரு கைகளின் ஒத்திசைவே அதன் வித்தை. அப்படி வடியும் பாலிலிருந்து வரும் ரப்பரே, டாரன்ஸின் கொக்கிக்குத் தசையாய் அமைகிறது. வெயிலும் எண்ணெயும் அந்த ரப்பரை வெடிக்கச் செய்யுமாதலால், அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வெடித்த வளையத்தை வைத்துக்கொண்டே பிடி போதவில்லையென்று கொக்கியைக் குறை சொல்லி மூலையில் போட்டுவிடுவது நம்மிடையே நடக்கும் தவறு.

கொக்கி மூலைக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கால தாமதம். கை துண்டிக்கப்பட்டவர் முதல் சில வாரங்களிலேயே ஒற்றைக் கையால் பொத்தான் போடவும், பல் துலக்கவும், முடிச்சுப் போடவும் பழகிவிடுகிறார். பழகியபின் கொடுக்கப்படும் செயற்கைக் கை அவருக்கு வேண்டாத விருந்தாளியாகிவிடுகிறது. துண்டிப்புக்குப் பின் 30 நாட்களுக்குள் கருவி பொருத்தப்பட்டவர்களே அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார்கள் என்பதை 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதுமுதல் இத்துறையினர் அந்த மாதத்தைப் பொன்னான காலமென்று கருதி வருகிறார்கள். பெருநகரத்தில் 30 நாள் என்பது வசதியான கெடு. கச்சலிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் கப்பலேறிப் போர்ட் பிளேயர் வந்து, அங்கிருந்து பெருநிலக் கரைக்குச் செல்ல வேண்டியவருக்கு அது கண் இமைக்கும் நேரம்.

கான்பூரில் 1972-இல் தோற்றுவிக்கப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கிய மத்திய அரசின் செயற்கை அவயவக் கழகம், முழங்கைக்குக் கீழும் மேலும் பொருத்துவதற்கான உறுப்புத் தொகுதிகளைச் செய்து தருகிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடைமுறையில் இருக்கிறது, சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. போர்ட் பிளேயரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும், 2015-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் கணக்குப்படி தீவுவாசிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் மரவேலையும் மீன்பிடியும் தோட்டவேலையும் செய்பவர் பலர். ஆகவே இதைப் படிக்கும் தீவுத் தமிழர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் கையிழக்க நேர்ந்தால், புண் ஆறட்டும், அடுத்த கப்பலுக்குப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். தையல் பிரிக்கும் முன்னரே மருத்துவரிடம் செயற்கைக் கையைப் பற்றிப் பேசுங்கள்; அவர் செய்துவந்த தொழில் இன்னதென்று விரிவாய்ச் சொல்லுங்கள்; கொக்கியும் கையும் மாற்றி மாட்டத்தக்க மணிக்கட்டைக் கேளுங்கள்; திரும்பி வரும்போது, உபரியாக இரண்டு கம்பிகளும் ஒரு டஜன் ரப்பர் வளையங்களும் கேட்டு வாங்கி வாருங்கள்.